பீர் டின் அடுப்பு

அன்று அந்தப் பாறைமேல் இருந்தவர்கள் ஐந்து பேர். என் தம்பி குப்புராஜ். தபால் இலாகாவில் அதிகாரியாக இருந்துகொண்டு மலையேறும் சங்கம் ஒன்றை நடத்திவந்த அசரியா. மேற்குத் தாம்பரத்தில் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடும் கடை வைத்திருந்த சௌகத் அலி. தம்பியோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த முனிரத்தினம். ஐந்தாவது ஆள் நான், இரும்புலியூர் அரிகிருஷ்ணன். ஆறாவதாக ஒரு ஆள் அங்கே கிடையாது. பிற்பாடு, தானும் பக்கத்தில் இருந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் உண்டு. அவர்கள் யாரும் அங்கே இல்லை.

தேதி 1992 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. நேரம் பகல் பதினொன்றரை.

எங்கள் வீட்டைத் தேடி வருகிறவர்கள் இரும்புலியூரில் இறங்கிப் பெயரைச் சொன்னால் போதும். நிலமெல்லாம் மனைகளாகிப் போன பிறகும் அந்த மரியாதை போகவில்லை. அதைக் காப்பாற்றியவன் நான் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. காப்பாற்றிய விதத்தைத்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

சித்தப்பா சுப்பராயலு 1969-இல் இறந்தார். மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னோம். அவர் செத்தது வார்னிஷ் குடித்து. மரத்துக்குப் பாலிஷ் போடுகிற ஸ்பிரிட்டுக்குக் குடிகாரர்கள் வைத்திருந்த பெயர் அது. அப்பா அவரை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பேச்சு வளரும்; வளர்ந்தால் தெருவுக்குக் கேட்கும். சித்தப்பா வெளியே போகிற நேரம் பார்த்து, அவர் ஒளித்து வைத்த பாட்டிலில் பாதியைத் தோட்டத்தில் கொட்டுவார். செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். சித்தப்பாவும் அது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. ஒரே கூரையின்கீழ் பதினோரு வருடம் இப்படியே போயிற்று. ஒரு சத்தம் இல்லை. இதைத்தான் நான் கண்ணியம் என்று கற்றுக்கொண்டேன்.

குப்புராஜ் எனக்குப் பதினேழு வயது இளையவன். அப்பா போனபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. வளர்த்தது நானும் என் மனைவி கங்கையம்மாளும். படித்து, சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் டூல் ரூமில் சேர்ந்தான். தகட்டை மயிரிழை கணக்கில் சீவுகிற கை அவனுக்கு. அதற்காகத்தான் அவனை அங்கே மதித்தார்கள். லீவு கிடைத்தால் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவான். மூட்டை தூக்குவது எங்கள் குடும்பத்தில் ஆள் வைத்துச் செய்கிற வேலை. அவனிடம் இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெல்ல ஆரம்பித்தான்.

"அண்ணா, மே மாசம் இமயமலைக்கு ஆறு பேர் போறாங்க. அஞ்சு பேர் முடிவாயிடுச்சு. ஆறாவதா என்னை எடுக்கலாமான்னு அசரியா சார் யோசிக்கிறார்."

"பத்ரிநாத்துக்கா?"

"இல்லண்ணா. இன்னும் மேல. பனிக்குள்ள பதினாறு நாள் நடக்கணும்."

"அங்க என்ன கோயில் இருக்கு?"

"கோயில் எல்லாம் கிடையாது."

"கோயில் இல்லாத மலைக்கு எதுக்குடா போறது?"

கங்கையம்மாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சிரித்தாள். "உங்க அண்ணன் படி கட்டி, கைப்பிடி வெச்சு, மேல சுண்டல் குடுத்தாத்தான் ஏறுவாரு. அவர்கிட்டப் போய்க் கேக்கறியே குப்பு."

அவனும் சிரித்தான். ஆனால் பாதிச் சோற்றோடு கையைக் கழுவிக்கொண்டான். அந்த ஆறாவது இடத்தை அவன் எவ்வளவு விரும்பினான் என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த இடம் ஓர் அடுப்பை நம்பி இருந்தது. இது எனக்குப் பிறகுதான் தெரியும். பதினாறு நாளுக்கான சாப்பாட்டையும் துணியையும் அவரவர் முதுகில்தான் சுமக்க வேண்டும். பம்ப் ஸ்டவ் ஒன்று மண்ணெண்ணெயோடு மூன்று கிலோ வரும். குப்புராஜ், உள்ளங்கையில் அடங்குகிற ஸ்பிரிட் அடுப்பு ஒன்றைத் தானே செய்திருந்தான். எடை பதினைந்து கிராம்கூட இல்லை. அசரியாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஒரு தடவை ஊத்தின ஸ்பிரிட்ல, வெட்ட வெளியில, அரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வை. எல்லாருக்கும் அதே அடுப்பைச் செஞ்சு குடுத்துட்டு நீ ஆறாவது ஆளா வா. கொதிக்கலன்னா பம்ப் ஸ்டவ்வும், அதைத் தூக்கறதுக்குத் தடியா ஒருத்தனும்" என்று சொல்லியிருந்தார். சோதனைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை குறித்திருந்தார்கள்.

இதை என்னிடம் சொல்லாததற்கு அவனுக்குக் காரணம் இருந்தது. ஸ்பிரிட் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. சௌகத் அலிக்கு ஸ்பிரிட் வாங்க லைசென்ஸ் உண்டு. அவர் கடைப் பின்கட்டிலேயே வைத்து இருபது முறைக்கு மேல் கொதிக்க வைத்துப் பார்த்திருக்கிறான். இருமல் மருந்து மூடியால் மூன்று மூடி. எட்டு நிமிடம். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பரணிலிருந்து ஒரு பித்தளை அண்டாவை இறக்கப் போனேன். அவனுடைய மூட்டை அங்கே திறந்தபடி கிடந்தது. உள்ளே வெளிநாட்டு பீர் டின்கள் இரண்டு, அடிப்பாகம் வெட்டி எடுக்கப்பட்டவை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். மூடியைத் திறந்தேன். இருபத்துமூன்று வருடம் கழித்து சித்தப்பாவின் வாசனை என் மூக்கில் ஏறியது.

பரணில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கீழே கங்கையம்மாள் வாசலில் அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்தாள். குப்புராஜ் கடைக்குப் போயிருந்தான். வந்ததும் கூப்பிட்டு, "இது என்னடா?" என்று கேட்டிருக்கலாம். இரண்டு சொல். சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை. சமையலறையில் எண்ணெய் ஊற்றுகிற தகரப் புனலை எடுத்துக்கொண்டேன். பாட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக முருங்கை மரத்தடியில் கொட்டினேன். குடத்துத் தண்ணீரைப் புனல் வைத்து ஊற்றி, புனலின் மூக்கு உள்ளே நனையும்வரை, பழைய மட்டத்துக்கு நிரப்பினேன். பாட்டிலைத் துடைத்து, இருந்த இடத்தில் இருந்தபடி வைத்தேன். புனலைக் கழுவாமல் மாட்டிவிட்டேன்.

சாயங்காலம் அவனிடம், "நாளைக்கு நானும் வரேன்" என்றேன். அவன் யாரோடு சேர்ந்து குடிக்கிறான் என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான்.

அவன் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டான். "நிஜமாவாண்ணா?" என்றான். உள்ளே ஓடி, "அண்ணி, அண்ணா வர்றாரு! காலையில இட்லி கூட ரெண்டு வைங்க" என்று கத்தியது எனக்குக் கேட்டது. இரவு படுக்கப் போகுமுன் என் செருப்பைக் கேட்டு வாங்கி, வார் அறுந்துவிடாமல் இருக்க இரண்டு தையல் போட்டு வைத்தான்.

தாம்பரத்தில் ஒன்பது மணி வண்டி ஏறி, சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, நரசிம்மரை வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு மேற்கே நடந்தோம். ஏரிக்கரையைத் தாண்டி ஒரு பாறைக் குன்று. அசரியா எனக்குக் கைகூப்பினார். சௌகத் அலி, "வாங்கண்ணா, இன்னைக்கு நம்ம குப்புவோட நாள்" என்றார். முனிரத்தினம்தான் வாயை அடக்கத் தெரியாத ஆள்.

"இன்னா சார், வேட்டியோட மலை ஏர்றீங்களா? மேல காத்து அட்சா கொடியேத்தம் ஆயிடப் போவுது."

"நாப்பது வருஷமா கட்டறேன். எனக்குத் தெரியும்."

"கோச்சிக்காத சார். நீ மின்னாடி போ, கொடி பாத்துகினு நாங்க பின்னால வர்றோம்."

மற்ற மூவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பாட்டில் எப்போது வெளியே வரும் என்று பார்த்துக்கொண்டே ஏறினேன்.

உச்சியில் தட்டையான ஒரு பாறை. வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. குப்புராஜ் மூட்டையை அவிழ்த்து, ஒரு கைக்குட்டையிலிருந்து அந்தப் பொருளை எடுத்தான். வெள்ளி நிறத்தில் ஒரு சின்னக் கிண்ணம். இரண்டு பீர் டின்களின் அடிப்பாகத்தை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, விளிம்பைச் சுற்றி ஊசியால் ஓட்டைகள் போட்டிருந்தான். சட்டி வைக்க, சைக்கிள் ஆரக்கம்பியை வளைத்து ஒரு முக்காலி. காற்றுக்கு மறைப்பாக பிஸ்கட் டின் தகடு. அந்த ஓட்டைகள் ஒவ்வொன்றும் அளந்து வைத்தது போல் ஒரே இடைவெளியில் இருந்தன.

"அண்ணா, கையில வாங்கிப் பாருங்க."

வாங்கினேன். கையில் இருப்பதே தெரியவில்லை.

"பீர் டின்னுண்ணா. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில பழைய சாமான்காரர்கிட்ட வாங்கினேன். ஏரோப்ளேன்ல எவனோ குடிச்சுப் போட்டது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நான் இல்லண்ணா. பயப்படாதீங்க."

"இந்த பாட்டில்?" என்றேன்.

"பாய் குடுத்த ஸ்பிரிட். இந்த அடுப்புக்கு அதான் எண்ணெய். வூட்ல சொன்னா நீங்க திட்டுவீங்கன்னுதான் சொல்லல."

இரண்டு சொல்லில் கேட்டிருக்க வேண்டியதற்கு, கேட்காமலேயே பதில் வந்துவிட்டது, ஒரு நாள் தாமதமாக.

மூன்று மூடி அளந்து ஊற்றினான். தீக்குச்சியைக் காட்டினான். பற்றவில்லை. இரண்டாவது குச்சி. மூன்றாவதில் பற்றியது. சௌகத் அலி புருவத்தைச் சுருக்கினார். அந்த அடுப்பு சூடேறியதும் விளிம்பு ஓட்டைகளிலிருந்து நீலநிறத்தில் தீ வட்டமாகப் பீறிட வேண்டுமாம். பீறிடவில்லை. தகட்டின் நிழலில் உற்றுப் பார்த்தால், நடுவில் மட்டும் சோகையாக எரிவது தெரிந்தது. எட்டு நிமிடம் ஆயிற்று. சட்டித் தண்ணீரில் அடியில் ஒட்டிய சின்னக் குமிழிகளைத் தவிர ஒன்றும் இல்லை. அசரியா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டாவது நிமிடத்தில் தகட்டுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்த தீயின் மெல்லிய சத்தமும் நின்றது.

"அவ்ளோதானா?" என்றான் முனிரத்தினம். "குப்பு, குளிக்கறதுக்கு வெந்நீர் கேட்டா சொல்றேன். டீக்கு ஆவாது."

குப்புராஜ் சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன.

"சார், ஒரு தடவை கூட. ஒரே ஒரு தடவை. இப்படி ஆனதே இல்ல சார். பாயைக் கேளுங்க."

அசரியா யோசித்தார். "சரி. இன்னொரு தடவை. அப்புறம் கேக்கக் கூடாது."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது உண்மை. 'அதில் தண்ணீர் இருக்கிறது, ஊற்றினது நான்' என்று சொல்ல வேண்டும். அப்புறம் ஏன் என்று கேட்பார்கள். தம்பி குடிகாரன் என்று நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். ஏன் அப்படி நினைத்தாய் என்று கேட்பார்கள். சித்தப்பாவைச் சொல்ல வேண்டும். ஒரு தபால் அதிகாரி முன்னால், ஒரு பாலிஷ் கடைக்காரர் முன்னால், எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற முனிரத்தினம் முன்னால். வீட்டுக்குப் போனதும் அவனிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். ஓர் அடுப்புதானே என்று நினைத்தேன்.

ஸ்பிரிட்டுத் தீ நடுப்பகல் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. புகை கிடையாது, அந்த நீலமும் வெளிச்சத்தில் கரைந்துவிடும். மூன்று மூடி ஸ்பிரிட் எப்போதும் எட்டாவது நிமிடத்திலேயே தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும் என்பதால், அவன் ஒரே வேளையில் இரண்டாவது தடவை ஊற்ற நேர்ந்ததே இல்லை. அவசரத்தில் மூடியால் அளக்கவும் இல்லை. சட்டியை இறக்கிவிட்டு, பாட்டிலோடு சாய்த்தான். அணைந்துவிட்டது என்று அவன் நினைத்த அடுப்பு அணைந்திருக்கவில்லை.

'புஸ்' என்று ஒரு சத்தம். தீ ஊற்றின வழியே மேலேறிப் பாட்டிலுக்குள் போனது. அவன் அதை உடனே விட்டெறிந்திருக்கலாம். நான் அவனுக்கு வலப்பக்கம், இரண்டடி தள்ளி, வேட்டியோடு குந்தியிருந்தேன். "அண்ணா, தள்ளுங்க!" என்று கத்தினான். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து, திரும்பி, என்னைத் தாண்டி நாலு எட்டு ஓடிப் பாறைக்குக் கீழே எறிந்தான். அந்த நாலு எட்டில் அவன் வலது கை முழங்கைவரை எரிந்தது. டெரிலின் சட்டைக் கை உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. அசரியா ஈரத் துண்டைப் போட்டுச் சுற்றினார். முனிரத்தினம் அன்று அதற்குப் பிறகு ஒரு கேலி பேசவில்லை. குப்புராஜைத் தோளில் சுமந்துகொண்டு இறங்கினவன் அவன்தான்.

புறப்படும்போது சௌகத் அலி அடுப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். அடியில் மிச்சம் இருந்தது. விரலைத் தொட்டு முகர்ந்தார். நாக்கில் வைத்தார்.

"இது தண்ணி" என்றார். "அசரியா சார், இதுல தண்ணி கலந்து கீது."

அசரியா அவரைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. "குடுத்தது நீங்கதானே பாய்?"

"அல்லா மேல ஆணையா சார், டிரம்லேர்ந்து நேரா புடிச்சுக் குடுத்தது. என் கையால..."

"விடுங்க. இப்ப அதைப் பேச வேணாம்."

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

ஆஸ்பத்திரியில் எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். "மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்றேன். ஸ்பிரிட் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. கட்டுப் போட வந்தவர் சட்டையை வெட்டி எடுத்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். எதையோ எழுதிக்கொண்டார். மண்ணெண்ணெய் என்று சொல்லப்பட்ட இடத்தில் ஸ்பிரிட் வாசனை வந்தால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அவன் குடித்துவிட்டுக் கையைச் சுட்டுக்கொண்டான் என்ற ஊர்ப்பேச்சு அங்கேதான் பிறந்தது. பெற்றவன் நான்.

வலது கையில் மூன்று விரல்கள் மடங்கினபடி நின்றுவிட்டன. டூல் ரூமிலிருந்து அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். மே மாதம் ஆறு பேர் புறப்பட்டுப் போனார்கள், மூன்று கிலோ பம்ப் ஸ்டவ்வோடு. அசரியா வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போனார். குப்புராஜ் வாசலில் நின்று இடது கையை அசைத்தான்.

சௌகத் அலி கடைக்கு வருவதை இரண்டு மூன்று மேஸ்திரிகள் நிறுத்திவிட்டார்கள். சரக்கில் கலப்படம் என்ற பேச்சு. ஒருநாள் அவர் என்னை மார்க்கெட்டில் நிறுத்தி, "அண்ணா, நீங்களாவது என்னை நம்புறீங்களா?" என்று கேட்டார். "நம்பறேன்" என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த நிமிடமும் போயிற்று.

குப்புராஜிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேனே, அதுவும் நடக்கவில்லை. புண் ஆறட்டும் என்று இருந்தேன். அப்புறம் மே மாதம் போகட்டும் என்று இருந்தேன். ஆகஸ்டில் ஒரு காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவன் சமையலறையிலிருந்து வந்தான். அந்தத் தகரப் புனலை என் முன்னால் விரித்திருந்த பேப்பர்மேல் வைத்தான். கங்கையம்மாள் ஜனவரியிலேயே ஒருநாள், எண்ணெய்ப் புனலில் ஏதோ ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிறது என்று முணுமுணுத்திருக்கிறாள். அது அவனுக்கு எப்போது உறைத்ததோ தெரியாது. புனலை வைத்துவிட்டு நின்றான். நான் கேட்பேன் என்று நின்றானா, சொல்வேன் என்று நின்றானா? நான் புனலை நகர்த்திவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். அவனும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை.

அடுத்த வருடம் ஓசூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். விசேஷங்களுக்கு மணியார்டர் வரும், அவன் வரமாட்டான். கங்கையம்மாளுக்கு மட்டும் இடது கையெழுத்தில் கடிதம் எழுதுவான். 'அண்ணா சௌக்கியமா?' என்று கடைசி வரியில் இருக்கும்.

ஆறு வருடம் கழித்து இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. போன மாதம் திருநீர்மலைக்குப் போயிருந்தேன். படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, இரண்டு படி கீழே மனை புரோக்கர் ஜீவரத்தினம் யாரோ ஒருவரிடம் எங்கள் குடும்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். நான் இருப்பதை அவன் பார்க்கவில்லை.

"அந்த வூட்ல சித்தப்பன் வார்னிஷ் குட்சே செத்தான். ஊருக்கே தெரியும், காமாலைன்னு சொல்லிகினாங்கோ. அப்புறம் தம்பிக்காரன். மலை மேல போய் வார்னிஷ் போட்டுகினு, பீடி பத்த வெச்சு, கையச் சுட்டுகினான். பாய் குட்த்த சரக்கு, அதுலயும் கலப்படம். நானும் பக்கத்துலதான் இருந்தேன்."

ஊருக்கே தெரியும். இருபத்தொன்பது வருடமாக ஒளித்து வைத்திருந்தோம் என்று நினைத்தோமே, அது ஊருக்கே தெரியும். அதைக் காப்பாற்றத்தான் நான் அந்தப் பாறைமேல் வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதும் நான் எழுந்து பேசவில்லை. பெருமாளைச் சேவிக்காமல் இறங்கி வந்துவிட்டேன். அதனால் இதை எழுதி, நகல் எடுத்து, ஒன்று ஓசூருக்கும், ஒன்று அசரியாவுக்கும் அனுப்புகிறேன். ஒன்றைச் சௌகத் அலி கடையில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். ஜீவரத்தினம் படிக்க விரும்பினால் என் வீட்டுக்கு வரலாம்.

குப்புராஜ் குடித்துவிட்டுக் கையைச் சுட்டுக்கொண்டான் என்பது தவறு. அவன் குடித்ததில்லை. பீடி பிடித்ததில்லை. அந்த ஸ்பிரிட் அடுப்புக்காக வாங்கியது. அதில் தண்ணீர் கலந்தது சௌகத் அலி அல்ல. 1992 ஜனவரி 18, சனிக்கிழமை மத்தியானம், என் வீட்டுப் புனலால் நான் கலந்தேன்.